கருவி கிடைக்கும், அறிக்கை செல்லுமா?

பல்கலைக்கழகங்களிலும் ஐஐடிகளிலும் பொதுப்பணத்தில் வாங்கிய கோடிக்கணக்கான ரூபாய்க் கருவிகள் இருக்கின்றன. மருத்துவக் கருவி தயாரிக்கும் சிறு நிறுவனங்களும் பரிசோதனை நிலையங்களும் கட்டணம் செலுத்தி அவற்றைப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: மருத்துவமனைக்கான சிலிக்கோன் குழாய் தயாரிக்கும் சிறிய யூனிட் எங்களுடையது. சென்னை ஐஐடியில் இருக்கும் கருவிகளை எங்களைப் போன்ற தனியார் பயன்படுத்தலாமா? உள்ளே ஆள் தெரிந்தால்தான் நடக்கும் என்கிறார்களே?
— வாசகர், ஓசூர்

பதில்: ஆள் தெரிய வேண்டாம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களில் வட்டாரக் கருவி மையங்களைத் தொடங்கியதே வெளியாட்களும் பயன்படுத்தத்தான். இன்று ‘சைஃப்’ (நவீன பகுப்பாய்வுக் கருவி மையம்) என்ற பெயரில் சென்னை ஐஐடி, மும்பை ஐஐடி, லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் அவை நடக்கின்றன. இதுபோக ‘ஐ-ஸ்டெம்’ என்ற தேசியத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரி 3 அன்று பெங்களூரு அறிவியல் மாநாட்டில் பிரதமர் தொடங்கிவைத்தது. கருவியின் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடினால் எந்த நிறுவனத்தில் எந்த மாடல் இருக்கிறது என்று தெரியும். பதிவுசெய்துகொண்டு அங்கேயே நேரம் கேட்கலாம்.

கட்டணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. சொந்த மாணவர், பிற கல்லூரி, அரசு ஆய்வகம், தொழில் நிறுவனம் என்று படிப்படியாக ஏறும். நீங்கள் கடைசிப் படியில் இருப்பீர்கள். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பெரும்பாலும் முன்பணம் கட்டிய பிறகுதான் வரிசையில் சேர்ப்பார்கள். பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பிவிட்டு 45 நாள் கழித்துப் பணம் தரும் வழக்கம் இங்கே செல்லாது.

விண்ணப்பத்தில் ‘குழாயைச் சோதிக்கவும்’ என்று எழுதினால் திரும்பி வரும். என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். வாங்கிய ரப்பர் உண்மையில் சிலிக்கோன்தானா என்றால் எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் பொருளை அடையாளம் காண்பது). அதில் கலந்திருக்கும் சிலிகா நிரப்பியின் அளவு வேண்டுமானால் டிஜிஏ (சூடாக்கி எடைக் குறைவைப் பார்ப்பது). வேகவைத்த பிறகும் தங்கிவிட்ட டி4, டி5, டி6 சைக்ளோசிலாக்சேன்கள் (சிலிக்கோனின் சிறு வளைய மூலக்கூறுகள்) வேண்டுமானால் ஜிசி-எம்எஸ் (ஆவியாக்கிப் பிரித்து நிறையால் அடையாளம் காண்பது). இந்தக் கடைசிச் சோதனையில் ஒரு வம்பு உண்டு. கருவியின் ஊசி போகும் ரப்பர் மூடியும் உள்ளே இருக்கும் ‘காலம்’ (column) என்ற பிரிப்புக்குழாயும்கூடச் சூட்டில் சிலாக்சேனைத்தான் கசியவிடும். 207, 281 என்ற நிறை எண்களில் சிகரங்கள் தலைகாட்டும். அவை உங்கள் குழாயிலிருந்து வந்தவையா, கருவியிலிருந்து வந்தவையா என்று பிரிக்க ஒரே வழி, உங்கள் மாதிரி இல்லாமல் வெறும் கரைப்பானை அதே நாளில், அதே முறையில் ஓட்டச் சொல்வது. அந்த வெற்று ஓட்டத்துக்கும் கட்டணம் உண்டு. மிச்சப்படுத்த வேண்டிய இடம் அதுவல்ல.

மாதிரியை ஜிப் கவரில் போட்டு அனுப்பாதீர்கள். கவரின் வழுக்குப்பொருள் குழாயில் ஒட்டி, அறிக்கையில் புதுப் பெயராக வந்து நிற்கும். சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றிக் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள்.

கேள்வி: ஒரு பல்கலைக்கழகத்தில் செய்த உயிரிணக்கச் சோதனை (பொருள் உடலுக்கு ஒத்துப்போகிறதா என்ற சோதனை) அறிக்கையை உரிம விண்ணப்பத்தோடு வைத்தோம். ஏற்கவில்லை. எண்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன?
— வாசகர், கோவை

பதில்: எண்ணில் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த எண்ணை உரிமத்துக்காகத் தரும் பதிவு அந்த ஆய்வகத்துக்கு இருக்காது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி, தயாரிப்பாளருக்காகச் சோதனை செய்துதரும் ஆய்வகம் எம்டி-39 படிவத்தில் விண்ணப்பித்து எம்டி-40 என்ற பதிவைப் பெற வேண்டும். அந்தப் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் தளத்தில் வெளியிடுகிறது. உங்கள் கருவி ஆபத்து குறைந்த ஏ, பி வகுப்பானால் மாநில அதிகாரியிடமும், ஆபத்து கூடிய சி, டி வகுப்பானால் மத்திய அமைப்பிடமும் உரிமம் கேட்பீர்கள். இரண்டு இடத்திலும் முதலில் பார்ப்பது அறிக்கையின் தலைப்பில் இருக்கும் பதிவு எண்ணைத்தான்.

‘என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்றது’ என்ற பலகையை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. அங்கீகாரம் கட்டடத்துக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகக் கிடைப்பது. ஒரே வளாகத்தில் இழுவிசைச் சோதனைக்கு அங்கீகாரம் இருக்கும், செல் நச்சுத்தன்மைக்கு இருக்காது. என்ஏபிஎல் தளத்தில் அந்த ஆய்வகத்தின் ‘ஸ்கோப்’ ஆவணத்தை இறக்கி, செல் நச்சுத்தன்மைக்கான ஐஎஸ்ஓ 10993-5 என்ற வரி அதில் இருக்கிறதா, சோதனை நடக்கும் நாளில் அங்கீகாரம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் பூஜப்புரை வளாகம் இத்தகைய சோதனைகளில் நீண்ட பழக்கம் உள்ள இடம். விசாகப்பட்டினத்தின் மெட்டெக் ஸோனிலும் உயிரிணக்கச் சோதனைக்கூடம் உண்டு. இரண்டிலும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டே மாதிரி அனுப்புங்கள்.

அடுத்து, எவ்வளவு மாதிரி வேண்டும் என்ற கணக்கு. பலர் இங்கே குறைவாக அனுப்பிவிட்டு இரண்டு மாதம் இழக்கிறார்கள். மாதிரியைத் திரவத்தில் ஊறவைத்து, அந்தச் சாற்றைத்தான் சோதிப்பார்கள். அதற்கு ஐஎஸ்ஓ 10993-12 சொல்லும் விகிதம் இது: சுவர் தடிமன் 0.5 மி.மீ.க்குக் குறைவானால் 1 மி.லி. திரவத்துக்கு 6 சதுர செ.மீ. பரப்பு, 0.5 முதல் 1 மி.மீ. வரை 3 சதுர செ.மீ.; 1 மி.மீ.க்கு மேற்பட்ட ரப்பர் வகைக்கு 1.25 சதுர செ.மீ. பரப்பை அளக்க முடியாத வடிவமானால் 1 மி.லி.க்கு 0.2 கிராம்.

வெளிவிட்டம் 2 மி.மீ., உள்விட்டம் 1.4 மி.மீ. உள்ள குழாயை எடுத்துக்கொள்வோம். சுவர் 0.3 மி.மீ. ஒரு மீட்டர் நீளத்தில் வெளிப்பரப்பு 62.8, உட்பரப்பு 44, கூட்டினால் ஏறக்குறைய 107 சதுர செ.மீ. அதை 6-ஆல் வகுத்தால் 17.8 மி.லி. சாறு. செல் நச்சுத்தன்மைக்கு இந்த ஒரு மீட்டரே தாராளம். ஆனால் ஒவ்வாமைச் சோதனைக்குப் பத்து கினிப்பன்றிகளுக்குக் குறையாமல் சோதனைக் குழுவிலும், ஐந்து ஒப்பீட்டுக் குழுவிலும் வேண்டும். நீர் வகைக் கரைப்பான், எண்ணெய் வகைக் கரைப்பான் என்று இரண்டு சாறு. ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டும், பழைய சாற்றை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு பெட்டி நிறைய அனுப்ப வேண்டியிருக்கும். அத்தனையும் ஒரே லாட்டாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: மாதிரி என்பது மூலப்பொருள் மணி அல்ல. அச்சில் வார்த்து, கழுவி, பொதிந்து, கிருமி நீக்கிய, விற்பனைக்குப் போகும் அதே பொருள். நல்ல மருத்துவத் தர ரப்பரில் செய்த குழாயே செல் சோதனையில் விழுவது இதனால்தான். வழக்கமான குற்றவாளிகள் மூவர்: அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய திரவம், சரியாக அலசாத சோப்பு, காற்றாட விடாததால் தங்கிவிட்ட எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநீக்கி வாயு. மூன்றாவதற்குத் தனி வரம்பே உண்டு. 24 மணி நேரத்துக்குள் பயன்பட்டு முடியும் கருவியில் எத்திலீன் ஆக்சைடு 4 மி.கி., அதிலிருந்து உருவாகும் எத்திலீன் குளோரோஹைட்ரின் 9 மி.கி. தாண்டக் கூடாது. செல் சோதனையில் எல்929 எலிச் செல்கள் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நச்சு என்று எழுதுவார்கள். 68 வந்தால் ‘கிட்டத்தட்ட பாஸ்’ என்று ஒன்று கிடையாது.

ஆகவே செலவைப் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கே கோளாறு என்று துப்புத் துலக்கப் பல்கலைக்கழகக் கருவி. அது மலிவு, விளக்கம் சொல்ல ஆளும் உண்டு. எல்லாம் சரியான பிறகு, உரிமத்துக்கான ஒரே ஒரு முறை மட்டும் பதிவு பெற்ற ஆய்வகம். தலைகீழாகச் செய்தால் தோல்வி அறிக்கையையும் முழு விலை கொடுத்தே வாங்குவீர்கள்.

கேள்வி: எங்கள் லேபுக்கு மாதம் சுமார் அறுபது டாக்ரோலிமஸ் சோதனை வருகிறது, வெளியூருக்கு அனுப்புகிறோம். அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் எல்சி-எம்எஸ்/எம்எஸ் (திரவத்தில் பிரித்து நிறையால் அளக்கும்) கருவி சும்மா இருக்கிறது. மாலையில் வாடகைக்கு எடுத்து நாங்களே செய்து ரிப்போர்ட் தரலாமா?
— பரிசோதனை நிலைய உரிமையாளர், மதுரை

பதில்: வேண்டாம். காரணம் சட்டம் மட்டுமல்ல.

டாக்ரோலிமஸ் சிறுநீரகம் மாற்றியவர்களுக்கான மருந்து. காலை வேளை மாத்திரைக்குச் சற்று முன் இடிடிஏ குழாயில் எடுத்த முழு ரத்தத்தில் அளக்க வேண்டும். மருந்து சிவப்பணுக்களுக்குள் இருப்பதால் சீரம் பிரித்தால் பயனில்லை. துத்தநாக சல்ஃபேட்டும் கரைப்பானும் சேர்த்துப் புரதத்தை வீழ்த்தி, மேலே தெளிந்ததைக் கருவியில் ஏற்றுவார்கள். தேடுவது லிட்டருக்கு 5, 10 மைக்ரோகிராம் என்ற அளவை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருத்துவர் அன்று மாலை மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார்.

பல்கலைக்கழகக் கருவியில் பகலில் யார் எதை ஏற்றினார்கள் என்று பாருங்கள்: பாலிமர் மாணவர் ஒருவர், மூலிகைச் சாறு ஒருவர், பூச்சிமருந்து ஒருவர். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமர் ஒருமுறை உள்ளே போனால் 44 நிறை இடைவெளியில் சிகரங்கள் வரிசைகட்டி நாள்கணக்கில் வரும். அவை டாக்ரோலிமஸ் அயனியாவதையே அமுக்கிவிடும். உண்மையில் 10 இருக்கும் ரத்தத்தில் 6 தெரியும். ஐசோடோப் பதித்த டாக்ரோலிமஸை அகத்தரமாக (ஒப்பிடுவதற்காக ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவில் சேர்ப்பது) சேர்த்தால் இந்த அமுக்கம் இரண்டுக்கும் சமமாக விழுந்து விகிதம் காப்பாற்றப்படும். அதற்குப் பதில் அதைப் போன்ற அஸ்கோமைசினைச் சேர்த்தால் அது வேறொரு நொடியில் வெளிவருவதால் அவ்வளவு பாதுகாப்பு இல்லை. கருவியின் முனையைக் கழற்றிக் கழுவி, பிரிப்புக்குழாயை மாற்றி, ரத்தத்தில் தயாரித்த அளவீட்டுத் தரங்களை ஓட்டி, மூன்று மட்டக் கட்டுப்பாட்டு மாதிரிகள் எல்லைக்குள் வந்த பிறகே நோயாளி மாதிரி. இத்தனையையும் தினமும் மாலையில் அமைத்து, இரவில் பிரித்துக் கொடுப்பது நடக்கிற காரியமா?

மறுநாள் பம்ப் பழுதானால் என்ன செய்வீர்கள்? பல்கலைக்கழகத்துக்கு அது இரண்டு வாரம் தள்ளிப்போகும் ஆராய்ச்சி. உங்களுக்கு அது காத்திருக்கும் நோயாளி.

சட்டப்பக்கம் சுருக்கமாக: நோயாளி ரிப்போர்ட்டுக்கான தரம் ஐஎஸ்ஓ 15189, பொருள் சோதனைக்கானது ஐஎஸ்ஓ 17025. என்ஏபிஎல் சான்றிதழில் முன்னது ‘எம்சி’ என்றும் பின்னது ‘டிசி’ என்றும் தொடங்கும். பல்கலைக்கழகத்திடம் இருந்தால் பின்னதுதான் இருக்கும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இன் கீழ் பதிவானதும் உங்கள் லேப்தான், அந்தப் பல்கலைக்கழக அறை அல்ல. 15189 உள்ள இடத்துக்கே தொடர்ந்து அனுப்புங்கள். எந்த ஆய்வகம் செய்தது என்பதையும் உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட வேண்டும், மறைக்கக் கூடாது.

ஆனால் அந்தக் கருவி உங்களுக்கு வேறு வகையில் உதவும். உங்களிடம் இருக்கும் இம்யூனோ அஸ்ஸே (எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும்) இயந்திரத்தின் வைட்டமின் டி எண்களில் சந்தேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த அளவிலிருந்து மிகுந்த அளவு வரை பரவிய 40 மாதிரிகளைப் பெயர் நீக்கி, குறியெண் இட்டு, நெறிக்குழு அனுமதியோடு அங்கே ஒப்பிடலாம். அது ஆராய்ச்சி வேலை, அவர்களுக்கும் உகந்தது. கைக்குழந்தைகளின் மாதிரி இருந்தால் வைட்டமின் டியின் 3-எபி என்ற மாற்று வடிவத்தைப் பிரிப்புக்குழாயில் தனியாகப் பிரிக்கும் முறை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டுக்கும் நிறை ஒன்றே. பிரிக்காவிட்டால் கூட்டிக் காட்டும்.

கேள்வி: அப்படியானால் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் கூடாதா? சிறுநீரகத் திசுச் சோதனைக்கு எங்கள் பகுதியில் டெம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) கருவி இருப்பது ஒரு பல்கலைக்கழகத்தில் மட்டும்.
— நோய்க்கூறு மருத்துவர், சேலம்

பதில்: இது வேறு கதை, நல்ல கதை. டாக்ரோலிமஸில் கருவி தரும் எண்தான் முடிவு. டெம்மில் கருவி தருவது படம். முடிவு சொல்வது நீங்கள். அதனால் படம் எடுக்கும் வேலையைப் பொதுக் கருவியில் செய்து, படித்துக் கையெழுத்திடும் பொறுப்பை மருத்துவர் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு நியாயமானது. யார் எதற்குப் பொறுப்பு என்று இரு நிறுவனங்களுக்கிடையே எழுதிய ஒப்பந்தம் மட்டும் இருக்கட்டும்.

கெடுவது பெரும்பாலும் கருவியறைக்கு வரும் முன்பே. ஊசியில் எடுத்த திசுவை உடனே 1 மி.மீ. துண்டாக வெட்டி 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடில் போட்டு 4 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பனிப்படிகங்கள் சவ்வுகளைக் கிழித்துவிடும். பிறகு எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. ஃபார்மலினில் போட்டது தாங்கும், ஆனால் விளிம்புகள் மங்கும். மெழுகுக்கட்டியிலிருந்து திருப்பி எடுப்பது கடைசி வழி. படிவுகள் தெரியும், ஆனால் அடிச்சவ்வு சுருங்கியிருக்கும். அதில் தடிமனை அளந்து 250 நானோமீட்டருக்குக் குறைவு என்று ‘மெல்லிய சவ்வு நோய்’ எழுதினால் தவறான முத்திரை விழும்.

அனுப்பிய துண்டில் குளோமெருலஸே (சிறுநீரகத்தின் வடிகட்டி முடிச்சு) இல்லாமல் போவதுதான் வீண் செலவில் முதலிடம். முதலில் அரை மைக்ரான் சீவலை டொலுயிடின் நீலத்தில் சாயமேற்றிச் சாதா நுண்ணோக்கியில் பாருங்கள். குளோமெருலஸ் இருந்தால் மட்டும் 60 முதல் 90 நானோமீட்டர் சீவலுக்குப் போகச் சொல்லுங்கள். அளவெடுக்கும் வேலையானால் உருப்பெருக்கத்தை மில்லிமீட்டருக்கு 2160 கோடுகள் உள்ள தர வலையில் சரிபார்த்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொருளறிவியல் மாணவர்களுக்குச் சில சதவீதப் பிழை பொருட்டில்லை. உங்களுக்கு அது நோயின் பெயரையே மாற்றும்.

கேள்வி: வீட்டில் பயன்படுத்தும் நோயாளி மானிட்டர் செய்கிறோம். இஎம்சி (மின்காந்த இணக்க) சோதனை அறைக்கு மணிக்கணக்கில் வாடகை. ஒரு நாள் போதும் என்று நினைத்து முன்பதிவு செய்தோம், பாதிதான் முடிந்தது. எப்படித் திட்டமிடுவது?
— வாசகர், சென்னை

பதில்: நேரத்தைத் தின்பது ரேடியோ அலைகளைத் தாங்கும் திறன் சோதனை. கணக்கைப் பாருங்கள். ஐஇசி 60601-1-2 படி வீட்டுச் சூழலுக்கு மீட்டருக்கு 10 வோல்ட் புலம், 80 மெகாஹெர்ட்ஸ் முதல் 2.7 கிகாஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொரு படியும் முந்தையதைவிட 1 சதவீதம் கூடுதல். அப்படிப் போனால் ஏறக்குறைய 354 படிகள். கருவியின் நான்கு பக்கம், ஆன்டெனா கிடையாகவும் நெட்டாகவும் என்று எட்டு முறை: 2832 படிகள். ஒவ்வொரு படியிலும் உங்கள் கருவி பாதிப்பைக் காட்டத் தேவையான நேரம் நிற்க வேண்டும். மூன்று நொடி போதுமென்றால் 2 மணி 20 நிமிடம். உங்கள் மென்பொருள் பத்து நொடிச் சராசரி எடுத்துத்தான் எண்ணை மாற்றுகிறது என்றால் அதுவே 7 மணி 50 நிமிடம்!

தீர்வு மென்பொருளில் இருக்கிறது. சராசரிக்கு முந்தைய மூல அளவீட்டை நொடிக்கு நொடி காட்டும் சோதனை முறை ஒன்றை எழுதிக்கொண்டு போங்கள். அதைச் சோதனைத் திட்டத்திலும் ஆவணமாக்குங்கள். இறுதிப் பொருளிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்று காட்டினால் ஆய்வகம் ஏற்கும்.

இரண்டாவது, ‘அத்தியாவசியச் செயல்பாடு’ எது என்று எழுதாமல் போவது. திரை ஒருமுறை சிமிட்டினால் தோல்வியா? துடிப்பு எண் 2 மாறினால்? அறையில் நின்று இதை விவாதிக்கும்போதும் மீட்டர் ஓடும். எத்தனை எண் மாறலாம், எத்தனை நொடியில் மீள வேண்டும் என்று முன்பே உங்கள் இடர் ஆவணத்திலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

நோயாளிக்குப் பதிலாக வைக்கும் சிமுலேட்டரும் புலத்தில் கெடும். விழுந்தது உங்கள் மானிட்டரா, சிமுலேட்டரா என்று தெரியாமல் அரை நாள் போகும். மின்கலத்தில் ஓடும், உலோகப் பெட்டியில் அடைத்த சிமுலேட்டரைக் கொண்டுபோங்கள். அதை மட்டும் முதலில் புலத்தில் வைத்துப் பாருங்கள். கையில் ஃபெரைட் வளையங்கள், செப்பு நாடா, கவசமுள்ள மாற்றுக் கேபிள், உதிரி போர்டு இரண்டு இருக்கட்டும். நிலைமின் வெளியேற்றத்தில் தொடுகைக்கு 8 கிலோவோல்ட், காற்றில் 15 கிலோவோல்ட். அதில் போர்டு சாவது வழக்கம் என்பதால் அந்தச் சோதனையைக் கடைசியில் போடச் சொல்லுங்கள்.

சென்னைக்காரர்களுக்குத் தரமணியில் சமீர் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மையம் அருகிலேயே இருக்கிறது. மத்திய அரசின் 2020 மருத்துவக் கருவிப் பூங்காத் திட்டத்தில் தேர்வான நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஒரகடம் பூங்காவின் பொதுச் சோதனை வசதிகளுக்கு அதில் 100 கோடி ரூபாய் வரை நிதியுண்டு. எது முழுதாகத் திறந்திருக்கிறது என்று கேட்டுத் திட்டமிடுங்கள். முழு அறைக்குப் போகும் முன், கசிவு அலைகளை மட்டும் பார்க்கும் அரை நாள் முன்சோதனை எடுப்பது காசுக்குத் தகுந்த செலவு.

கேள்வி: பேட்டரித் தொழிலாளர்களின் ரத்த ஈயத்தைப் புவியியல் துறையின் ஐசிபி-எம்எஸ்ஸில் (தடய உலோகங்களை அளக்கும் கருவி) அளக்கலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: கணக்கெடுப்புக்கு அளக்கலாம், தனி ஆளின் சிகிச்சைக்கு அந்த எண்ணை வைக்கக் கூடாது. கணக்கெடுப்புக்கும் சில நிபந்தனைகள். பாறைத்தூள் ஓட்டிய கருவி உறுப்புகளான கூம்புகளையும் டார்ச்சையும் கழற்றிவிட்டு உயிர்மாதிரிக்கென்று தனி ஜோடி போட வேண்டும். தடய உலோகம் நீக்கிய கருநீல மூடிக் குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும். பணி உடையோடு ஷெட்டில் உட்கார வைத்துக் குத்தினால் தோலின் தூசியே ரத்தத்தில் ஏறும். சோப்பால் கழுவி, வேறு அறையில் எடுங்கள். ஈயத்தின் ஐசோடோப் விகிதம் ஆளுக்கு ஆள் மாறுவதால் 206, 207, 208 மூன்றையும் கூட்டி அளக்கச் சொல்லுங்கள். ஆர்செனிக்கும் சேர்த்துக் கேட்டால், ஆர்கானும் ரத்தத்தின் குளோரினும் சேர்ந்து அதே 75-இல் வரும்; இந்தக் குறுக்கீட்டை நீக்கும் ஹீலியம் மோதல் செல் இல்லாத பழைய கருவியில் அந்த எண்ணை நம்பாதீர்கள். பாதரசமும் கேட்டால், அது கருவியின் குழாய்ச் சுவரில் ஒட்டி அடுத்தவர் கணக்கில் வரும். அலசும் திரவத்தில் கொஞ்சம் தங்கக் கரைசல் சேர்ப்பார்கள். ஒவ்வொரு பத்து மாதிரிக்கும் சான்றளித்த ரத்தத் தரம் ஒன்று.

100 மி.லி.க்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் வந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. அப்படி வந்தவர்களை மருத்துவ ஆய்வகத்தில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ரத்த மாதிரியைப் பஸ் பார்சலில் அனுப்பலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கண்டக்டரிடம் கொடுப்பது ஊரறிந்த வழக்கம். அதனால் அது சரியாகிவிடாது. நோய் கண்டறியும் மாதிரிகளுக்கான யுஎன்3373 வகைப் பொதி மூன்று அடுக்கு: ஒழுகாத குழாய், முழுத் திரவத்தையும் உறிஞ்சும் பஞ்சோடு ஒழுகாத இரண்டாம் உறை, விறைப்பான வெளிப்பெட்டி. பட்டியல் தாள் இரண்டாம் உறைக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவில். உலர்பனி போட்டால் பெட்டியைக் காற்றுப்புகாமல் ஒட்டாதீர்கள், வெடிக்கும். அனுப்பும் முன், அந்த மையம் ரத்தம் வாங்குமா என்று கேளுங்கள். பல மையங்கள் வாங்காது. உலோகச் சோதனையானால் உங்கள் இடத்திலேயே நைட்ரிக் அமிலத்தில் செரித்து அனுப்பினால் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: மரபணு வரிசைக் கருவியில் கருவின் மாதிரியைப் பொது மையத்தில் கொடுக்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. 1994-ஆம் ஆண்டு பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்கீழ் மரபணு ஆய்வகமாகப் பதிவான இடம் மட்டுமே அதைத் தொடலாம். ஆராய்ச்சி என்று எழுதினாலும் விலக்கில்லை.

கேள்வி: எங்கள் கல்லூரிக்கு அரசு மானியத்தில் இரண்டு கோடி ரூபாய்க் கருவி வந்திருக்கிறது. நிறுவனங்களுக்குத் திறந்துவிட நினைக்கிறோம். கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது?
— கருவி மையப் பொறுப்பாளர், வேலூர்

பதில்: கட்டணத்துக்கு முன் இரண்டு காகிதங்களை எடுங்கள். ஒன்று மானிய ஆணை. வெளியாருக்கு எத்தனை பங்கு நேரம், வருமானம் எந்தக் கணக்கில் என்று அதில் இருக்கும். மற்றது இறக்குமதிச் சான்று. 51/96 சுங்க அறிவிப்பின்படி சலுகைச் சுங்கத்தில் வந்த கருவியானால், ஆராய்ச்சிக்கு மட்டும் என்று உங்கள் நிறுவனமே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கும். வணிகச் சோதனையைத் தொடங்குமுன் தணிக்கையாளரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

பிறகு கணக்கு. உதாரணத்துக்கு: பத்தாண்டு ஆயுளென்றால் தேய்மானம் ஆண்டுக்கு 20 லட்சம், பராமரிப்பு ஒப்பந்தம் 12, இயக்குபவர் சம்பளம் 6, மின்சாரமும் குளிர்பதனமும் 5, வாயுவும் உதிரிகளும் 7, மொத்தம் 50 லட்சம். ஆண்டில் 250 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 2000 மணி. பழுது, அமைப்பு, அளவீடு போக 1200 மணி கிடைத்தால் மணிக்கு 4,167 ரூபாய். 400 மணிதான் ஓடுகிறதென்றால் அதுவே 12,500. மானியக் கருவிக்குத் தேய்மானம் போடாமல் விலை வைக்கும் கல்லூரிகள்தான் பதினொன்றாம் ஆண்டில் துணி போட்டு மூடிய கருவியோடு நிற்கின்றன. மாணவருக்குக் குறைத்துக் கொடுங்கள். நிறுவனத்திடம் முழுதாக வாங்குங்கள். ஜிஎஸ்டியைத் தனி வரியில் காட்டுங்கள்.

படிவத்தில் ‘இந்த முடிவு நோய் கண்டறிதலுக்கோ உரிமத்துக்கோ உரியதல்ல’ என்ற வரி இருக்கட்டும். அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் அதே வரி அச்சாகட்டும். முதல் பக்கத்தில் மட்டும் இருந்தால், எண்கள் உள்ள இரண்டாம் பக்கத்தைத் தனியே நகலெடுத்து எங்காவது இணைத்துவிடுவார்கள்.